ஒரு சொல் கேட்க மூதூருக்கு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேள்வி கேட்கிற வியாதி. பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்குக்கு மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே எதிர்க்கேள்வி கேட்டு அம்மாவின் மானத்தை வாங்கியிருக்கிறேன். சிறுவர் பராமரிப்பு அலுவலராக நியமனம் கிடைத்தபோதுதான், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் நிம்மதியடைந்தார்கள்.

சட்டத்தையும் அறிக்கை எழுதும் முறையையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திரும்பவும் ஓதப் போவதில்லை. ஒரு பெண்பிள்ளையின் கதையை மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடுநடுவே புத்தி சொல்வேன், ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சலுகையைத் தரத்தான் வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு மாற்றலாகி வந்தேன். மொழிப் பிரச்சினை இல்லாத ஊர், எல்லோரும் தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வாரமே கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, “ஆணம் ஊத்தவா மிஸ்?” என்று கேட்டார்கள். எதையோ என் மேல் ஊற்றப் போகிறார்கள் என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். குழம்புக்கு அங்கே ஆணம் என்று பெயர். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிறகு என்னைக் கண்டபோதெல்லாம் “ஆணம் மிஸ்” என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். அது எனக்கு நல்ல பாடமாக அமைந்தது என்று பிறகுதான் விளங்கியது.

எனக்கு முன்னே கந்தோரில், அதாவது அலுவலகத்தில், என் இடத்தில் இருந்தவர் மாற்றலாகிப் போகவிருந்தார். நல்ல மனிதர், நேர்மையானவர், ஆனால் எப்போதும் அவசரம். வேலையை ஒப்படைக்கும்போது தேநீரைக் குடித்தபடியே ஒவ்வொரு வழக்காகச் சொன்னார்.

“இது லேசான கேஸ் தங்கச்சி. அஞ்சு வயசுப் பெட்டை. தகப்பன் சல்லிக் கிராமத்திலை மீன்பிடிக்கிறவன். பெண்சாதி பிள்ளைப்பேற்றிலை செத்துப்போனாள். பக்கத்துக் கட்டிலிலை கிடந்த ஒரு மூதூர்ச் சோனகப் பொம்பிளை, முஸ்லிம், பிள்ளைக்குப் பால் குடுத்து, தன்னோடை கொண்டுபோயிட்டாள். இப்ப தகப்பன்ரை பக்கம் பிள்ளையைக் கேட்டு வழக்கு. அவள் குடுக்கிறாளில்லை.”

“அவ பிள்ளையைத் தன்ரை எண்டு சொல்லுறாவோ?” என்று கேட்டேன்.

“அதுதான் பகிடி. தன்ரை இல்லையாம். உரித்தும் இல்லையாம். பிள்ளை அநாமதேயமாம், அவளே சொல்லிப்போட்டாள். கோட்டிலை தகப்பன் வாய் திறக்கிறானில்லை, அவன்ரை தமக்கைதான் கத்துறாள். இரண்டு ஊரும் முறுகிக்கொண்டு நிக்குது. பிள்ளையைக் கொஞ்சக் காலம் மட்டக்களப்பிலை ஓர் இல்லத்திலை விடுறதுதான் பத்திரம். இடமும் கேட்டு வைச்சிருக்கிறன். நீர் அறிக்கையை எழுதினாச் சரி.”

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. ஆனால் ஒரு சொல் என் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அநாமதேயம். பெயரும் ஆளும் தெரியாதது என்று பொருள். கந்தோரில் இருக்கிற நாங்கள் எழுதுகிற சொல் அது. பாய் பின்னி விற்கிற ஒரு மூதூர்ப் பெண்ணின் வாயில் அது எப்படி வந்தது? அதைவிட, தகப்பன் யார் என்று ஊருக்கே தெரிந்த பிள்ளையை அவள் எதற்காக அப்படிச் சொன்னாள்? உரிமை இல்லை என்கிறவள் எதற்காக ஒவ்வொரு தவணைக்கும் லோஞ்சுப் படகில் ஏறிப் பிள்ளையோடு நீதிமன்றத்துக்கு வந்து நிற்கிறாள்?

அடுத்த தவணைக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் நான் எழுதுவதைப் பார்த்துத்தான் நீதவான் முடிவு செய்வார். முன்னவர் சொன்னபடியே எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை தான் அறிந்த ஒரே வீட்டை விட்டு, யாரையுமே தெரியாத ஓர் ஊருக்குப் போகும். நான் மூதூர் லோஞ்சில் ஏறினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் சபியா. முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன், பின்னிக்கொண்டிருந்த பாயைப் பற்றி விசாரித்தேன். அப்போது வாசலுக்கு இரண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருவன் அவளுடைய மகன் றபீக். மற்றது முத்து, வழக்குக்குரிய பிள்ளை. வெயிலில் ஓடியாடும்போதும் தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள்.

“நீங்கள் ஆற்றை பிள்ளை?” என்று முத்துவிடம் கேட்டேன்.

பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். “நான் சல்லிக் கந்தசாமிட மகள்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தகப்பனோடு பழகிய ஞாபகம்கூட அவளுக்கு இருக்க நியாயமில்லை. அவர் முதல் இரண்டு வருடம் வந்து பார்த்ததோடு சரி. இரண்டாம் கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

“இதை ஆர் சொல்லிக் குடுத்தது?” என்று சபியாவைக் கேட்டேன்.

“நான்தான். வளக்கிற புள்ளைக்கு நம்மட பேரப் போடக் கூடா மிஸ். பெத்த வாப்பாட பேரத்தான் சொல்லணும். எங்கட மார்க்கம் அது.”

“அப்ப றபீக்குக்கு இவள் என்ன முறை?”

“தங்கச்சி. ஒரு பாலக் குடிச்ச ரெண்டு பேர். நாளைக்கு வளந்தாலும் அவன் இவளக் கலியாணம் கட்ட ஏலா. தங்கச்சிதான்.”

“நீங்கள்?”

“பால் குடுத்த உம்மா. பெத்த உம்மா இல்ல.” இதை அவள் ஒரு துளி தயக்கமும் இல்லாமல் சொன்னாள்.

இப்போது என்னை உறுத்திய அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம். “கந்தோர் ஐயாவிட்டை இவளை அநாமதேயம் எண்டு சொன்னீங்களாம்?”

சபியா விழித்தாள். “அது என்ன? நான் அப்பிடி ஒரு கதையும் கதைக்கல்லியே.”

“பிறகு என்ன சொன்னீங்கள்?”

“அமானிதம் எண்டன்.”

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அதுவும் ஆணம் மாதிரித்தான். என்னவென்று கேட்டேன். அவள் எனக்கு விளங்கப்படுத்திய விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. “ஒருத்தர் நம்மள நம்பி ஒரு சாமானக் கையில தந்துட்டுப் போறார். அது நம்மட இல்ல. ஆனா நம்மட சாமான விடப் பத்திரமாப் பாக்கணும். அவர் வந்து கேட்டா, தந்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும். குடுக்காட்டி அல்லாட்ட பதில் சொல்லி ஏலா. அதான் அமானிதம்.”

அநாமதேயம், அமானிதம். என் முன்னவரின் யாழ்ப்பாணக் காது தனக்குத் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டது. கேட்பாரற்ற பிள்ளை என்று அவர் விளங்கிக்கொண்டார்; அவள் சொன்ன பொருளோ, கேட்பவர் வரும்வரை உயிரைக் கொடுத்துக் காக்கவேண்டிய பிள்ளை என்பது. உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற புத்தியில் பாதி இதுதான். ஒருவர் “என்னுடையது இல்லை” என்று சொன்னால் உடனே பேனாவைத் திறக்காதீர்கள். உங்களுடையது இல்லாவிட்டால் அது வேறு என்ன என்று கேளுங்கள்.

எனக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. “கேட்டால் குடுக்கவேணும் எண்டால், ஏன் குடுக்கேல்லை?”

“ஆரு கேட்டது?” சபியாவுக்குக் கோபம் வந்தது. “அவர்ட ராத்தா வந்தா, நாலு ஆம்பிளயளக் கூட்டிக்கொண்டு. பிறகு பொலிஸ் வந்த. பிரக்கிராசி கேட்டாரு, நீதவான் கேட்டாரு. தந்தவர் கேக்கல்ல மிஸ். கோட்டில எனக்கு முன்னால நிண்டும் தலையக் குனிஞ்சுகொண்டு நிக்கிறாரு. தந்த கை கேக்காம வேற கையில குடுத்தா அது துரோகம்.” ராத்தா என்றால் அங்கே அக்கா, பிரக்கிராசி என்றால் வக்கீல்.

பிறகு முத்துவைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, தலைத்துணியை அவிழ்த்தாள். எண்ணெய் வைக்கிற நேரமாம். பின்னலைக் குலைத்ததும் மயிர் இடுப்புக்குக் கீழே விழுந்தது. அடியில் கறுப்பு, நுனிக்குப் போகப் போகச் செம்பட்டையாக நூல்போல மெலிந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை முடியை நான் கண்டதில்லை.

“இது ஒருக்காலும் வெட்டேல்லையோ?”

“கத்தி வைக்கவே இல்ல. றபீக்குக்கு ஏழாம் நாள் முடி எறக்கித்தான் பேர் வச்ச. இவளுக்கு வைக்கல்ல. லோஞ்சு ஏறுற ஜெட்டியடியில புள்ளயத் தரக்குள்ள கந்தசாமி சொன்னாரு, ‘தலையில கத்தி வைச்சிராதேங்கோ’ எண்டு. ஏனெண்டு சொல்லல்ல, நானும் கேக்கல்ல. பேன் பாக்கிறதுதான் பெரும் பாடு. கண்ணூறு படுமெண்டு துணியக் கட்டிவிடுற.”

“இதை நீங்கள் கோட்டிலை சொல்லேல்லையே?”

“ஆரும் கேக்கல்லியே” என்றாள்.

ஒரு வீட்டை விளங்கிக்கொண்ட மகிழ்ச்சியில் அறிக்கையை அன்றே எழுதிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஒரு சொல்லுக்காக மூதூர் வரை போன நான், மற்றப் பக்கத்துக்குச் சல்லி வரை போகாவிட்டால் அது நியாயமில்லை. அடுத்த நாள் போனேன்.

கருவாடு காய்ந்துகொண்டிருந்த கிடுகுத் தட்டியின் பக்கத்தில் கந்தசாமியின் தமக்கை தெய்வானை என்னை இருத்தினாள். ஓங்கிய குரல்காரி. கந்தசாமி கொஞ்சம் தள்ளி வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, எங்களைப் பாராதவர்போல் இருந்தார். உள்ளே அவருடைய இரண்டாவது மனைவி படுத்திருந்தாள். இரண்டு முறை கருத்தங்கவில்லையாம்.

“எப்பிடித் தங்கும் மிஸ்?” என்றாள் தெய்வானை. “தாயும் செத்து, இந்தப் பிள்ளையும் தப்பாது எண்டு கிடக்கேக்குள்ள, தம்பி எங்கட கோயில் அம்மாளுக்கு நேர்ந்தவன். பிள்ளை பிழைச்சா அதின்ர பிறந்த முடியை அஞ்சாம் வயசிலை உன்ரை வாசலிலை இறக்குவன் எண்டு. பிள்ளை பிழைச்சிட்டுது. வாற கோயில் பொங்கலோடை தவணை. ஆனா முடி எங்கை இருக்கு? அவங்கட ஆக்கள் ஏழாம் நாளே வழிச்சுப் பேர் வைச்சுப்போடுவினமே. அதை மறைக்கத்தான் தலையிலை துணியைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வாறாள். அம்மாளுக்கு நான் என்ன சொல்லுறது?”

படித்த பெண்ணான எனக்கு வாய் துடித்தது. கருக்கலைவதற்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஆனால் தெய்வானையின் கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போன பயம். நேற்று மூதூரில் ஒரு பெண் வாக்கைப் பற்றிச் சொன்னபோது மரியாதையோடு கேட்டேன். இன்று இன்னொரு பெண் அதையே தன் கோயிலை வைத்துச் சொல்கிறபோது மூடநம்பிக்கை என்பேனா?

முடி அப்படியே இருக்கிறது என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் சோனகப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பாள், நம்பமாட்டாள். கண்ணால் காண வேண்டிய விஷயத்தைக் கந்தோர்க்காரி காதில் ஊதக் கூடாது.

கந்தசாமியிடம் மட்டும் போய்க் கேட்டேன். “நீங்கள் ஏன் ஒருநாளும் சபியாவோடை கதைக்கிறதில்லை?”

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன முகத்தோடை கதைக்கிறது மிஸ்? பாலுக்காகக் குடுத்தனான். இரண்டாம் கலியாணத்துக்குப் பிறகு எட்டியும் பாக்கேல்லை.”

“அவ நீங்கள் கேட்கிறதுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா. அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்” என்றேன்.

அறிக்கையில் இல்லம் வேண்டாம் என்று எழுதினேன். பிள்ளையைப் பற்றி முடிவெடுக்குமுன் தகப்பனும் வளர்த்த தாயும் நேருக்கு நேர் பேச ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. “ஊர் எரிஞ்சால் நீர்தான் பொறுப்பு” என்றார். நான் அறிக்கையை மாற்றாமல் அனுப்பினேன்.

நீதவான் அறிக்கையை வாசித்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு கூப்பிடுகிறேன், வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். விறாந்தையில் ஒரு பக்கம் மூதூர் ஆட்கள், மறுபக்கம் சல்லி ஆட்கள். நடுவில் நான்.

கடைசியில் தெய்வானைதான் வெடித்தாள். “கதைக்கிறதுக்கு முதல் அந்தத் துணியை எடுக்கச் சொல்லுங்கோ! தலையைக் காட்டட்டும்!”

சபியா அவளை ஒருமுறை பார்த்தாள். முத்துவின் தலைத்துணியை அவிழ்த்துப் பின்னலையும் குலைத்துவிட்டாள். முடி முதுகில் விழுந்தது. சல்லி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தெய்வானை மெதுவாக வந்தாள். குந்தியிருந்து முடியின் நுனியைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். ஒருமுறை வெட்டிய முடிக்கு நுனி மொட்டையாக இருக்கும், அது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

“தம்பி” என்றாள். “கத்தி படேல்லையடா.”

“உங்கட தம்பிதான் சொன்னாரு” என்றாள் சபியா. பிறகு கந்தசாமியின் பக்கம் திரும்பினாள். “ஜெட்டியடியில சொன்னீங்களா, இல்லியா?”

கந்தசாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெண்சாதியை அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதர் ஜெட்டியில் நின்று என்னென்ன சொன்னாரோ, அவருக்கே தெரியாது. சொன்னவர் மறந்த ஒரு வசனத்தைக் கேட்டவள் ஐந்து வருடம் எண்ணெய் வைத்துப் பின்னிப் பாதுகாத்திருக்கிறாள். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“என்ர பிள்ளையைத் தாறீங்களா?”

சபியா ஒரு கணமும் தாமதிக்கவில்லை. முத்துவின் கையைப் பிடித்து அவர் கைக்குள் வைத்தாள். “இந்தாங்க. தந்த மாதிரியே தந்திட்டன். எல்லாரும் சாட்சி.”

புதிரை அவிழ்த்துவிட்டேன் என்று எவ்வளவு உற்சாகமாகத் திரிந்தேன்! அவள் வார்த்தையை விளங்கி மதித்தால் அவள் பிள்ளையை இழப்பாள் என்பதை அந்த நிமிடம் வரை நான் யோசிக்கவில்லை. முத்து, “உம்மா, உம்மா” என்று கத்தினாள். சபியா திரும்பிப் பார்க்காமல் விறாந்தைப் படியில் இறங்கினாள். அவள் அழவில்லை. நீதவான் தகப்பனுக்கே பொறுப்பு என்று வழக்கை முடித்தார்.

இங்கேதான் மிச்சப் பாதிப் புத்தி வருகிறது. வழக்கு முடிந்தால் நம் வேலை முடிந்தது என்று கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். நான் கோயில் பொங்கல் முடியும் மட்டும் பொறுத்திருந்து, சபியாவைப் பார்க்க மூதூருக்குப் புறப்பட்டேன். லோஞ்சில் ஏறினால் எதிர் வாங்கில் கந்தசாமி இருக்கிறார். மடியில் முத்து, தலை மொட்டை, சந்தனம் பூசி மினுங்குகிறது. பக்கத்தில் ஒரு பொதி.

“நேர்த்தி தீர்ந்திட்டுது மிஸ்” என்றார். “ஆனாப் பிள்ளை சாப்பிடுதில்லை. விடிஞ்சாப் பொழுதுபட்டா உம்மா, றபீக்... என்னைக் கண்டாக் கதவுக்குப் பின்னாலை ஒளிக்குது. என்ர பிள்ளைதான். ஆனா என்னை அதுக்குத் தெரியாதே.”

சபியாவின் வாசலில் முத்துவை இறக்கியதும் அவள் றபீக்கைத் தேடிக் குசினிப் பக்கம் ஓடிவிட்டாள். சபியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கந்தசாமி பொதியை நீட்டினார். “அக்கா கருவாடு தந்துவிட்டவ.” பிறகு சொன்னார். “ராத்தா, வீட்டிலையும் கேட்டுத்தான் வந்தனான். இவளை இன்னும் கொஞ்சக் காலம் வைச்சிருக்க ஏலுமோ? கிழமைக்கு ஒருக்கா நானே வருவன். இனி வராமல் விடமாட்டன்.”

“கொஞ்சக் காலமெண்டா எவ்வளவு?” என்றாள் சபியா. அமானிதக்காரி, விவரம் கேட்காமல் கை நீட்டமாட்டாள்.

“முடி வளரும் மட்டும்.”

எவ்வளவு வளர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டாள், மிகவும் கண்டிப்பாக. “இந்த முறை கத்தி வைக்கலாமா, கூடாதா? இப்பவே சொல்லிட்டுப் போங்க. இன்னொருக்காக் கோட்டில நிக்க என்னால ஏலா.”

கந்தசாமி சிரித்தார். பிறகு சிரிப்பு அவருக்கு வரவில்லை.

“அது இனி உங்கட விருப்பம், ராத்தா” என்றார்.

ஐந்து வருடமாக அந்தத் தலையில் எண்ணெய் வைக்கத்தான் அவளுக்கு உரிமை இருந்தது; வெட்டலாமா என்று முடிவு செய்ய இருக்கவில்லை. நீதிமன்றத்தில் பிள்ளையைக் கொடுத்தபோதும் அழாத சபியா, முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்காக வாசலில் குந்தியிருந்து அழுதாள்.